காய்ச்சல் போன பிறகு கண்ணைக் கவனியுங்கள்



இன்று உங்களிடம் கொசுவைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் சேர்த்துப் பேசப் போகிறேன். "கொசு கடித்தால் காய்ச்சல் வரும் என்று தெரியும், கண்ணுக்கும் அதற்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தச் சம்பந்தம் தெரியாத காரணத்தால்தான் சிலர் பார்வையைப் பறிகொடுக்கும் நிலைக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே, முதலில் ஒரு வீட்டில் நடக்கக்கூடிய பேச்சைக் கேளுங்கள். பிறகு விளக்கத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தில் ஒரு குடும்பம். கணவர் பால்மரம் வெட்டுகிறவர். மகன் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தக் கணவருக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. கை மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கி, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. கிளினிக்கில் சோதித்து, சிக்குன்குன்யா என்றார்கள். ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது. அவரும் வேலைக்குத் திரும்பிவிட்டார். இப்போது ஒரு மாலை நேரம்.

"என்னங்க, கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு? ராத்திரி தூங்கலையா?"

"ஒண்ணுமில்ல புள்ள. தூசி கீசி விழுந்திருக்கும். வெளிச்சத்தப் பாத்தா கூசுது, அவ்வளவுதான்."

"நேத்து மரத்தக் காயப்படுத்திட்டீங்கன்னு மண்டோரு சத்தம் போட்டாராமே?"

"வெட்டுற கோடு சரியாத் தெரியல. பனி மூடுன மாதிரி இருக்கு."

"அப்ப கிளினிக்குக்குப் போயிட்டு வாங்களேன்."

"கண்ணு நோவுக்குப் போயி யாரு ஒரு நாள் சம்பளத்த விடுறது? பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொட்டு மருந்து இருக்காம். கேட்டு வாங்கிட்டு வா, போதும்."

நேயர்களே, இந்தப் பேச்சில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. அடுத்த வீட்டு மருந்தைக் கேட்டது ஒரு தவறு. அதை விடப் பெரிய தவறு இன்னொன்று. ஒரு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலைக் கணவரும் நினைக்கவில்லை, மனைவியும் நினைக்கவில்லை. காய்ச்சல் போய்விட்டது, அதோடு கதை முடிந்தது என்று இருவரும் எண்ணிவிட்டார்கள். ஆனால் கொசு கொண்டுவரும் காய்ச்சலில் சில சமயம் கதை கண்ணில் தொடர்கிறது.

முதலில், இந்தக் காய்ச்சல் நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்போம். சுங்கை வேயிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஷா ஆலம், அதைத் தாண்டினால் கிள்ளான், அப்புறம் கிள்ளான் துறைமுகம். மலேசியாவில் சிக்குன்குன்யா நோய் கூட்டமாகப் பரவியதாக முதன்முதலில் பதிவானது அந்தத் துறைமுக வட்டாரத்தில்தான். 1998-ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கி 1999-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அங்கே 51 பேருக்கு அந்நோய் கண்டது. பிறகு 2006-ல் பேராக் மாநிலத்தின் பாகான் பஞ்சோர் என்ற மீனவக் கிராமத்தில் தலைகாட்டியது. 2008-ல் ஜொகூரில் தொடங்கி நாடெங்கும் பரவி, பல்லாயிரம் பேரைப் படுக்கையில் தள்ளியது.

சிக்குன்குன்யா என்ற பெயர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1952, 1953-ஆம் ஆண்டுகளில் தான்சானியா நாட்டுப் பகுதியில் இந்நோய் பரவியபோது, அங்குள்ள மக்கோண்டே மக்கள் தங்கள் மொழியில் இட்ட பெயர் அது. வளைந்து போவது என்பது அதன் பொருள். மூட்டு வலியால் மனிதன் கூனிக் குறுகிப் போவதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள்.

டிங்கிக் காய்ச்சலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 130,000-க்கும் மேற்பட்டோருக்கு டிங்கி கண்டது. 182 பேர் மாண்டார்கள். மாநிலங்களில் மிக அதிகமானோர் பாதிக்கப்பட்டது நம் சிலாங்கூரில்தான். மூன்றாவதாக ஸிக்கா என்றொரு காய்ச்சலும் உண்டு. அதன் கிருமி 1947-ல் உகாண்டா நாட்டின் ஸிக்கா காட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. 1966-ல் நம் பகாங் மாநிலத்தின் பெந்தோங்கில் பிடித்த கொசுக்களிலும் அது காணப்பட்டது.

இந்த மூன்று காய்ச்சல்களையும் பரப்புவது ஏடிஸ் வகைக் கொசு. உடலிலும் காலிலும் வெள்ளை வரிகள் கொண்ட கறுப்புக் கொசு அது. பகலில் கடிக்கும். பொழுது விடிந்த பிறகு காலையிலும், பொழுது சாயும் முன் மாலையிலும் அதிகம் கடிக்கும். பால்மரம் வெட்டும் நேரமும் மங்கில் பால் எடுக்கும் நேரமும் அதற்குத் தோதான நேரமாகிவிடுகின்றன.

இனிக் கண்ணுக்கு வருவோம்.

நம் கண்ணை ஒரு திராட்சைப் பழமாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வெள்ளையான ஒரு கெட்டித் தோல். அதற்கு உள்ளே இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு நடுத்தோல். உரித்த திராட்சை போல இருப்பதால் மேல்நாட்டார் அதற்கு யூவியா என்று பெயர் வைத்தார்கள். திராட்சையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கண்மணியைச் சுற்றிக் கறுப்பாகவோ பழுப்பாகவோ தெரிகிறதே, அந்த வளையம் இந்த நடுத்தோலின் முன்பகுதி. வெளிச்சத்தில் கண்மணியைச் சுருக்குவதும் இருட்டில் விரிப்பதும் அதன் வேலை. எல்லாவற்றுக்கும் உள்ளே, கண்ணின் பின்சுவரில், விழித்திரை இருக்கிறது. படக்கொட்டகையில் வெள்ளைத் திரை போல, நாம் காணும் காட்சி அதில்தான் விழுகிறது. அங்கிருந்து பார்வை நரம்பு அச்செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிறது.

கொசு கடித்ததும் நோய்க் கிருமி இரத்தத்தில் கலக்கிறது. அதை எதிர்க்க உடலின் காவற்படையான வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன. அந்தப் போரின் சூடுதான் காய்ச்சல். சிலருக்கு இந்தப் போர் கண்ணின் நடுத்தோலிலும் நடக்கிறது. கிருமியே கண்ணுக்குள் நுழைவதும் உண்டு. கிருமி அடங்கிய பிறகும் காவற்படை அடங்காமல், நம் சொந்தத் தோலையே தாக்குவதும் உண்டு. நடுத்தோல் புண்பட்டுச் சிவந்து வீங்குகிறது. இதைத்தான் மருத்துவர்கள் கண் அழற்சி என்கிறார்கள். கண்ணின் முன்னறையில் தெளிந்த நீர் இருக்கிறது. அழற்சியில் அந்த நீரில் அணுக்கள் மிதந்து, கஞ்சித் தண்ணீர் போல அது கலங்கிவிடுகிறது. நம் பால்வெட்டுத் தோழர் "பனி மூடுன மாதிரி" என்றாரே, அந்தப் பனி இதுதான்.

இது எல்லாருக்கும் வருகிற தொல்லை அன்று. காய்ச்சல் கண்டவர்களில் பெரும்பாலோருக்குக் கண் நலமாகவே இருக்கிறது. ஆனால் நோய் பெருவாரியாகப் பரவும்போது, சிறு பங்கினர் என்றாலும் எண்ணிக்கையில் பலராகிவிடுவார்கள். அப்படித்தான் தமிழ்நாட்டில் நடந்தது.

2005, 2006-ஆம் ஆண்டுகளில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவில் சிக்குன்குன்யா பரவி, தீவு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரைப் பிடித்தது. 2006-ல் அது இந்தியாவில் பெருவாரியாகப் பரவியது. அந்த ஓராண்டில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் கண்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அதன் பிறகு மதுரையிலும் திருநெல்வேலியிலும் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைகளுக்குச் சிவந்த கண்ணோடும் மங்கிய பார்வையோடும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் வெறும் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய மருத்துவமனை அது. வந்தவர்களிடம் அங்குள்ள மருத்துவர்கள் கண்ணைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அண்மையில் காய்ச்சல் வந்ததா, மூட்டு வலித்ததா என்றும் கேட்டார்கள். விடை ஒன்றுபோல வந்தது. சிலருக்குக் கண்ணின் முன்பகுதியில் அழற்சி, சிலருக்கு விழித்திரையில், சிலருக்குப் பார்வை நரம்பே வீங்கியிருந்தது. தாங்கள் கண்டதை அவர்கள் 2007-ல் மருத்துவ ஏடுகளில் எழுதினார்கள். உலகத்து மருத்துவர்கள் அதைப் படித்து விழித்துக்கொண்டார்கள்.

டிங்கியின் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. 2005-ல் சிங்கப்பூரில் 14,000 பேருக்கு மேல் டிங்கி கண்டது. மருத்துவமனையில் படுத்திருந்தவர்களில் சிலர், காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் ஒரு புது முறையீடு செய்தார்கள். "டாக்டர், பார்க்கிற இடத்தின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது" என்றார்கள். அவர்களுடைய கண் சிவக்கவில்லை, வலிக்கவும் இல்லை. விழித்திரையின் நடுப்பகுதியில் வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்பட்டிருந்தன. எழுத்தைப் படிக்கவும், ஊசியில் நூல் கோக்கவும், எதிரில் நிற்பவர் முகத்தைக் காணவும் அந்த நடுப்பகுதிதான் வேண்டும். இரண்டாண்டு கழித்து, 2007-ல், அங்கே வேறு வகை டிங்கிக் கிருமி பரவியபோது இந்தக் கண் தொல்லை மிக அரிதாகவே இருந்தது. டிங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உண்டு. "போன முறை டிங்கி வந்தபோது எனக்குக் கண்ணில் ஒன்றும் ஆகவில்லையே" என்று யாரும் அலட்சியமாக இருக்கக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நேயர்களே, ஒரு காலக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிங்கியில், காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில், அதாவது காய்ச்சல் விடுகிற தறுவாயில், பார்வை மங்கலாம். சிக்குன்குன்யாவில், காய்ச்சலோடு சேர்ந்தும் வரலாம். காய்ச்சல் போய்ப் பல வாரங்கள், இரண்டு மூன்று மாதங்கள் கழித்தும் வரலாம். நோயாளி நோயை மறந்திருக்கும் வேளையில் கண் தொல்லை கதவைத் தட்டுகிறது. குடும்பத்தார் ஏமாந்து போவது இங்கேதான்.

அப்படியானால், கண் சிவந்தாலே பயந்து ஓட வேண்டுமா? அப்படியும் இல்லை. நம் வீடுகளில் சாதாரணமாக வரும் கண் நோவு வேறு. இந்த அழற்சி வேறு. வேறுபாட்டைச் சொல்கிறேன்.

சாதாரணக் கண் நோவில் பீளை கட்டும். காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டிருக்கும். மண் விழுந்தாற்போல் உறுத்தும். வெள்ளை விழி முழுவதும் சிவந்திருக்கும். வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். ஆனால் பீளையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பார்வை தெளிவாக இருக்கும்.

அழற்சியில் பீளை இராது. கண்ணீர் வரலாம். சிவப்பு, கறுப்பு வளையத்தை ஒட்டிச் சுற்றிலும் அதிகமாகத் தெரியும். வலி மேலே உறுத்தாமல் கண்ணின் ஆழத்தில் குடையும். வெளிச்சம் பட்டால் தாங்காது. எத்தனை முறை துடைத்தாலும் மங்கல் போகாது. சிலருக்குக் கண் முன்னே கொசு பறப்பது போலக் கறும்புள்ளிகள் மிதக்கும். விழித்திரையில் வந்த தொல்லையானால், சிங்கப்பூர் நோயாளிகளுக்கு நேர்ந்தது போல, வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் பார்வை மட்டும் குறையலாம்.

மற்றோர் இக்கட்டும் உண்டு. நமக்குக் கண் இரண்டு. ஒன்று மங்கினாலும் மற்றொன்று அந்தக் குறையை மறைத்துவிடும். பல நாள் கழித்துத்தான் தெரியவரும். அதற்கு ஒரு காசு செலவில்லாத சோதனை சொல்கிறேன். எல்லார் வீட்டுச் சுவரிலும் சாமி படம் போட்ட மாத நாட்காட்டி தொங்குகிறதல்லவா? அதில் தேதிகள் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கையெட்டுத் தூரத்தில் நின்றுகொள்ளுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால், அழுத்தாமல், மூடுங்கள். நடுவில் உள்ள ஒரு தேதியை மட்டும் உற்றுப் பாருங்கள். சுற்றியுள்ள கோடுகள் நேராகத் தெரிகின்றனவா, நெளிகின்றனவா? ஏதாவது ஒரு கட்டம் மறைந்து போகிறதா? நடுவில் நிழல் விழுகிறதா? பிறகு அடுத்த கண்ணால் அதேபோலப் பாருங்கள். டிங்கி வந்தவர் காய்ச்சல் தொடங்கியதிலிருந்து இரண்டு வாரம் தினமும் பார்க்கட்டும். சிக்குன்குன்யா வந்தவர் மூன்று மாதம் வரை வாரம் ஒரு முறை பார்க்கட்டும். வேறுபாடு தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கண் வலித்தால், கூசினால், போகத்தான் வேண்டும்.

சிறு பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. காய்ச்சல் வந்து போன பிள்ளை வெயிலைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறதா, புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகிறதா என்று தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ஒரு கண்ணை மூடி, "அம்மா விரல் எத்தனை?" என்று விளையாட்டாகக் கேட்டுப் பாருங்கள்.

இனி, செய்யக்கூடாதவை. நம் பாட்டிமார் கண் நோவுக்குத் தாய்ப்பால் விட்டார்கள், தேன் விட்டார்கள், விளக்கெண்ணெய் விட்டார்கள். அன்பால் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவை இந்த அழற்சியைத் தணிக்கமாட்டா. புதுக் கிருமியைக் கண்ணில் சேர்க்கக்கூடும். மேலும், நாள் கடந்துபோகும். அழற்சி வந்த கண்ணில் ஒவ்வொரு நாளும் விலையுள்ளது. கறுப்பு வளையம் பின்னாலுள்ள கண் வில்லையோடு ஒட்டிக்கொள்ளலாம். கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நசுக்கலாம். அப்படி நசுங்கிப் போன நரம்பு மறுபடி உயிர் பெறாது.

அடுத்த வீட்டுச் சொட்டு மருந்து அதைவிட ஆபத்தானது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்துகள் உண்டு. அழற்சிக்கு அதே மருந்தைத்தான் மருத்துவரும் கொடுப்பார். ஆனால் கண்ணைக் கருவியால் உள்ளே பார்த்து, நீரழுத்தத்தை அளந்து, இத்தனை நாளைக்கு இத்தனை சொட்டு என்று கணக்கிட்டுக் கொடுப்பார். நாமாக விட்டால், கண்ணில் வேறு புண் இருந்தால் அது பெருகும், நீரழுத்தமும் ஏறும். உளி ஒன்றுதான். கைதேர்ந்தவர் பிடித்தால் பால் வடிகிறது. பழக்கமில்லாதவர் பிடித்தால் மரம் பாழாகிறது. மருந்தும் அப்படியே.

காய்ச்சல் இருக்கும்போதே ஓர் எச்சரிக்கை. உடல் வலிக்கு ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை வாங்கி விழுங்காதீர்கள். அது டிங்கியாக இருந்தால் இரத்தக் கசிவு கூடும். பாராசிட்டமோல், அதாவது பனடோல், அதையும் அளவோடுதான் சாப்பிட வேண்டும். காய்ச்சல் இறங்கும் வேளையில் கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு, இவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அழற்சி கண்டவர் எங்கே போவது? முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். அவர்கள் கடிதம் கொடுத்துக் கண் பிரிவுக்கு அனுப்புவார்கள். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, கோலாலம்பூர் மருத்துவமனை, செலாயாங் மருத்துவமனை ஆகியவற்றில் கண் பிரிவு இருக்கிறது. பார்வை திடீரென்று குறைந்தால் மறுநாளைக்குத் தள்ளாமல் அவசரப் பிரிவுக்கே போகலாம்.

அங்கே போனதும் நீங்கள் சொல்ல வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது. இன்றைய என் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். "எனக்குக் கண் மங்குகிறது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "போன மாதம் எனக்குக் கொசுக் காய்ச்சல் வந்தது, இப்போது கண் மங்குகிறது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவருக்குத் தமிழ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். மலாயில் இப்படிச் சொல்லலாம்: "டாக்டர், பூலான் லெப்பாஸ் சாயா டெமாம் சிக்குன்குன்யா. செக்காராங் மாத்தா சாயா காபோர்." டிங்கி என்றால், டெமாம் டெங்கி என்று மாற்றிக்கொள்ளுங்கள். காய்ச்சலின்போது கிளினிக்கில் கொடுத்த சீட்டு இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கண் அழற்சிக்குக் காசநோய் முதலான வேறு காரணங்களும் உண்டு. மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்து முடிவு செய்வார். உங்கள் வாய்ச்சொல் அவருக்கு வழிகாட்டும் விளக்கு.

நல்ல செய்தியும் உண்டு. கண்ணின் முன்பகுதியில் வரும் அழற்சி, காலத்தில் மருந்து விட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் குணமாகிவிடுகிறது. டிங்கியில் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களிலும் பலருக்கு வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ பார்வை திரும்புகிறது. சிலருக்கு அந்தக் கறுப்புப் புள்ளி நிலைத்துவிடுகிறது என்பதும் உண்மை. மருத்துவர் சொன்ன நாள் வரைக்கும் மருந்தை விட வேண்டும். சிவப்பு மறைந்ததே என்று நாமாக நிறுத்தினால் அழற்சி மறுபடி தலைதூக்கும்.

முடிக்கும் முன், வேரை வெட்டுவதைப் பற்றிச் சில வார்த்தைகள். 1901-ல் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். மலேரியாவால் மக்கள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களை வடிகட்டிக் கால்வாய் வெட்டச் செய்து நோயை அடக்கிக் காட்டினார். பிறகு தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. அக்கால்வாய்களை வெட்டப் பாடுபட்டவர்களில் நம் முன்னோர்களும் உண்டு. மலேரியாக் கொசுவை ஒழிக்க அரசாங்கமும் தோட்ட நிர்வாகமும் சதுப்பு நிலத்தை வடிக்க வேண்டியிருந்தது. ஏடிஸ் கொசுவோ நம் வீட்டுப் பூச்சட்டித் தட்டில், குளியலறைத் தொட்டியில், கொல்லையில் கிடக்கும் பழைய டயரில் பிறக்கிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை நீரைக் கொட்டி, தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஈரம் காய்ந்தாலும் அதன் முட்டை பல மாதம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால்தான் தேய்க்கச் சொல்கிறேன். கொட்ட முடியாத தண்ணீரில் அபேட் மருந்தைச் சீட்டில் சொன்ன அளவில் போடுங்கள்.

கித்தாத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். 2006, 2007-ஆம் ஆண்டுகளில் கேரளத்தின் ரப்பர் தோட்டப் பகுதிகளில் சிக்குன்குன்யா கடுமையாகப் பரவியது. மழை நாளில் வெட்டில்லாமல் மரத்தில் தொங்கிய பால் கோப்பைகளில் மழைநீர் தேங்கி, ஏடிஸ் கொசு பெருகியிருந்தது. நம் மங்குகளும் அப்படிப்பட்டவைதாமே? வெட்டில்லாத நாளில் மங்கைக் கவிழ்த்து வையுங்கள். மண்டோரிடமும் நிர்வாகத்திடமும் சொல்லி, அதை எல்லாருக்கும் வழக்கமாக்குங்கள். புகையடித்தால் பறக்கும் கொசு சாகும். தண்ணீரிலுள்ள புழு சாகாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் கோத்தோங்-ரோயோங் நடக்கும்போது மேல்மாடியின் தண்ணீர் வடிகுழாய்களையும் பாருங்கள்.

நாம் தொடக்கத்தில் பார்த்த குடும்பத்துக்குத் திரும்புவோம். அந்த மனைவி அடுத்த வீட்டுக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்படிச் சொல்கிறார்:

"என்னங்க, போன மாசந்தானே உங்களுக்குக் கையி காலு வீங்கிக் காய்ச்ச வந்திச்சு? அதுவும் இதுவும் ஒண்ணா இருந்தா என்ன பண்றது? நாளைக்கு வெட்டுக்குப் போக வேணாம். தம்பிக்குப் போன் போடுறேன். வந்து கூட்டிட்டுப் போவான்."

"ஒரு நாள் சம்பளம் போயிடுமே, புள்ள."

"கண்ணு போனா எத்தன நாளு சம்பளம் போகும், சொல்லுங்க?"

நேயர்களே, அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு நம்மில் யாரும் பதில் சொல்ல முடியாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்பார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மூன்று மாதத்துக்குள் கொசுக் காய்ச்சல் வந்து போயிருந்தால், இன்றே அவரை நாட்காட்டி முன்னால் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்.